ஏரியேட்டா அண்ணாச்சி இறக்கிய முடி

முடி கொட்டியவர்கள் இந்த உலகத்தில் எத்தனையோ கோடிப் பேர். முடி கொட்டியதற்காக ஆபீஸ் முழுக்க மக்ரூன் வாங்கிக் கொடுத்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவரை நாங்கள் ஏரியேட்டா அண்ணாச்சி என்போம். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்றும் உண்டு. அது சம்பளப் பட்டியலைத் தவிர வேறு எங்கும் உபயோகத்தில் இல்லை.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு ஏஜென்ட் வேலை பார்க்கும் ஒரு சின்னக் கம்பெனி. அதில் அவர் சீனியர், எனக்கு அவருக்கு அடுத்த நாற்காலி. கப்பல் ஏஜென்ட் என்றதும் கடல், காற்று, சாகசம் என்று நினைத்துவிடாதீர்கள். கப்பல் வருவதற்கு முன்னால் காகிதம், வந்த பிறகு காகிதம், போன பிறகும் காகிதம். கப்பலில் துப்பாக்கி உண்டா, நாய் பூனை உண்டா, வெடிப்பொருள் உண்டா, எவனாவது திருட்டுத்தனமாக ஏறி ஒளிந்திருக்கிறானா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். சேர்ந்த புதிதில், நாய் பூனைத் தாளை நான் காலியாக விட்டுவிட்டேன். அண்ணாச்சி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார்.

"ஏலே, கப்பல்ல நாய் இருக்கா இல்லையா?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்ப இல்லேன்னு எழுது. 'நில்'லுன்னு போட்டு, கேப்டன் கையெழுத்து வாங்கி, சீல் வை. இல்லேங்கதும் ஒரு சமாச்சாரம்தாம்லே. அதையும் முறையாச் சொல்லணும். வெறுந்தாள விட்டா, நீ மறந்துட்டியா மறைக்கியான்னு எவன் கண்டான்?"

ஒன்றுமில்லை என்பதற்கு எங்கள் தொழிலில் புழங்கும் ஆங்கில வார்த்தை அது. அண்ணாச்சிக்கு அது வேதம். வீட்டில் கூட்டு வைக்காத நாளிலும் டிபன் கேரியரின் மூன்றாவது கிண்ணம் காலியாகவாவது வந்தாக வேண்டும். அதையும் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, "கூட்டு, நில்" என்று சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் முடி கொட்டியது.

அதற்கு முன்னால் அவருக்குத் தலைகொள்ளாத முடி. மீசையும் அப்படித்தான், கடல் காற்றுக்கெல்லாம் அசையாது. ஒருநாள் சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்தவர் கத்திரியை நிறுத்தி, பின்னந்தலையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெறும் தோல் தெரிகிறது என்றார். ஊர் அதற்கு உடனே பெயர் வைத்துவிட்டது: புழுவெட்டு. ராத்திரி தூங்கும்போது புழு வந்து முடியை வெட்டிவிட்டுப் போகிறதாம்.

அவர் வீடு முத்தையாபுரத்தில். காலையில் டவுனுக்கு வரும் பஸ்ஸில் ஏறினால் இறங்குவதற்குள் ஏழெட்டு வைத்தியம் கிடைக்கும். சின்ன வெங்காயத்தை நசுக்கித் தேய்க்கச் சொன்னார் ஒருவர். அண்ணாச்சி ஒரு மாதம் தேய்த்தார். எங்கள் ஆபீஸ் ஏசி ரூம். அந்த ஒரு மாதம் ஊத்தப்பத்துக்குள் உட்கார்ந்து வேலை பார்த்த மாதிரி இருந்தது. பாதிக்கப்பட்டவர் அவர், கண்ணீர் விட்டது நாங்கள்.

வெங்காயத்தை அவர் பொறுத்துக்கொண்டார். அந்தப் பெயரைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. யாராவது புழுவெட்டு என்றால் சட்டென்று குனிந்து தலையைக் காட்டுவார்.

"எங்கலே புழு? காட்டு. இங்கன ஒரு புழுவக் காட்டிட்டுப் பேசு."

ஒருவராலும் காட்ட முடிந்ததில்லை. கடைசியில் தோல் டாக்டரிடம் போனார். அன்று மத்தியானம் இரண்டு கையிலும் மக்ரூன் பொட்டலத்தோடு ஆபீசுக்குள் நுழைந்தார். அவருக்கு வந்திருப்பது அலோபீசியா ஏரியேட்டா. எந்தப் புழுவுக்கும் அதில் சம்பந்தம் இல்லை.

"நம்ம ஒடம்புல காவலுக்கு நிக்கான்லா, அவனே முடிய வேத்தாளுன்னு நெனச்சு வெளிய தள்ளுதான். அவ்வளவுதான் விசயம். பேரு தெரியாத வரைக்குந்தாம்லே பயம். பேரு தெரிஞ்சிட்டுன்னா அது வெறும் கேசு. மக்ரூன எடுத்துக்கோ."

எங்கள் மேனேஜர் மணப்பாட்டுக்காரர். விளக்கம் கேட்காமல் எதையும் வாயில் போடமாட்டார். அலோபீசியா என்றால் என்ன அர்த்தம் என்றார். கிரேக்கத்தில் அது நரி சம்பந்தப்பட்ட சொல், நரிக்குச் சொறி பிடித்தால் இப்படித்தான் முடி கொட்டும், அதிலிருந்து வந்த பெயர் என்று அண்ணாச்சி பெருமையாகச் சொன்னார்.

"அப்ப நரிச்சொறின்னே சொல்லிட்டுப் போவமே அண்ணாச்சி," என்றார் மேனேஜர்.

இரண்டு நாள் அண்ணாச்சி அவரோடு பேசவில்லை. ஏரியேட்டா என்ற பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. சொட்டை என்று கூப்பிடுகிற ஊரில் இப்படி ஒரு பெயர் கிடைத்தது பட்டம் வாங்கிய மாதிரி.

வார்த்தை விஷயத்தில் அவர் காட்டிய கண்டிப்பை இங்கே சொல்லியாக வேண்டும். வழுக்கை என்றால் வயசு, சொட்டை என்றால் கேலி, மொட்டை என்றால் நேர்த்திக்கடன். ஒன்றை எடுத்து இன்னொன்றின் மேல் வைக்கக் கூடாது. எனக்கு அப்போதே நெற்றி மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. என்னுடையது சாதாரண வழுக்கைதானே, கிரேக்கத்துக்குக் கொடுத்து வைக்கவில்லையே என்று ஒருநாள் அலுத்துக்கொண்டேன். என் தலையை வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்து ஆராய்ந்தார்.

"யாரு சொன்னா? ஒனக்கும் உண்டும்லே. ஆண்ட்ரோஜெனிட்டிக் அலோபீசியா. ஒங்கப்பாகிட்டேருந்து வந்தது. தைரியமாச் சொல்லு."

சிரிக்காதீர்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

ஒரு ரூபாய் அகலம் உள்ளங்கை அகலம் ஆனது. அப்புறம் அங்கங்கே திட்டுத் திட்டாக. மீசையிலும் ஒரு பக்கம் காணாமல் போனது. அண்ணாச்சி மேனேஜருக்கு போனில் ஒரு செய்தி அனுப்பினார்: 'அய்யாவைப் பார்க்க ஊருக்குப் போகிறேன். பத்து நாள் லீவு வேண்டும்.' ஊர் சாத்தான்குளம். அய்யா என்பது அவர் அப்பா. போன இடத்தில், அரைகுறையாக வைத்திருப்பானேன் என்று தலையில் மிச்சம் இருந்ததையும் மீசையையும் மழித்துவிட்டார். அது எங்களுக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்தில் மொட்டைக்கு இலக்கணம் உண்டு. தலை மொட்டை, மீசை இருக்கிறது என்றால் திருச்செந்தூர். 'நேர்த்தியா?' என்று கேட்டுவிட்டுப் போகலாம். தலையோடு மீசையும் போயிருந்தால், பெற்ற அப்பா போய்விட்டார் என்று அர்த்தம். மூத்த மகன் இரண்டையும் இறக்கிவிட்டுத்தான் கொள்ளி வைப்பான். அப்போது ஒன்றும் கேட்கக் கூடாது. கையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நிற்க வேண்டும்.

ஆபீஸ் டிரைவர் ஏதோ சோலியாக சாத்தான்குளம் வழியாகப் போனவர், அண்ணாச்சியை பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டார். அங்கிருந்தே மேனேஜருக்கு போன்.

"சார், ஏரியேட்டா அண்ணாச்சி தலையில ஒண்ணும் இல்ல."

"அதுதான் தெரியுமே."

"மீசையும் இல்ல சார்."

மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார். அண்ணாச்சிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டால் என்ன என்று இன்றைக்கு நீங்கள் கேட்கலாம். துட்டி வீட்டுக்கு போன் போட்டு, செத்தது வாஸ்தவம்தானா என்று கேட்பது எங்கள் ஊர் வழக்கம் இல்லை. நேரில் போய் நிற்பதுதான் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் சர்ச்சில் பூசை முடித்து வந்ததும் வேனில் கிளம்பினோம். என் மடியில் ஒரு பெரிய ரோஜா மாலை.

வீட்டு வாசலில் ஒரு பெரியவர் நாற்காலி போட்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சித்தப்பாவோ மாமாவோ என்று நினைத்து மேனேஜர் நேரே போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். தலையைக் குனிந்து நின்றார். பிறகு மெதுவாக, "எப்படி ஆச்சு?" என்றார்.

"என்னது எப்படி ஆச்சு?"

"பெரியவருக்கு…"

"எந்தப் பெரியவருக்கு?"

"அண்ணாச்சியோட அப்பாவுக்கு."

"அது நாந்தான்."

எங்கள் மேனேஜர் எத்தனையோ முரட்டுக் கேப்டன்களைச் சமாளித்தவர். பக்கத்தில் நின்ற என் கையிலிருந்த மாலையை வாங்கி, முகம் மாறாமல் பெரியவர் கழுத்தில் போட்டார்.

"பொறந்தநாள் வாழ்த்துகள் அய்யா."

"எனக்கே தெரியாத பொறந்தநாளு ஒமக்கு எப்படி வே தெரிஞ்சுது?" என்றார் பெரியவர். உள்ளே திரும்பி, "ஏலே, ஒன் ஆபீஸ்லேருந்தும் வந்துட்டாவ. காப்பி போடச் சொல்லு," என்று குரல் கொடுத்தார். அண்ணாச்சி வெளியே வந்தார். பளபளவென்று இருந்தார். மாலையையும் எங்களையும் பார்த்துவிட்டு, "அலோபீசியா ஏரியேட்டா இப்பம் டோட்டாலிஸ் ஆயிட்டு, தலை முழுக்க," என்று விளக்கம் சொன்னார். ஏதோ புரமோஷன் ஆர்டர் வந்ததைச் சொல்கிற தொனி.

பெரியவருக்கு அந்த வாரம் முழுவதும் கொண்டாட்டம். மகன் தலையையும் மீசையையும் மழித்த நாளிலிருந்து அவருக்குத் துட்டி கேட்க ஆள் வந்துகொண்டே இருக்கிறதாம்.

"நீங்க நாலாவது வேனு," என்றார். "செத்தா எவன் எவன் வருவான்னு இருந்து பாக்குற பாக்கியம் யாருக்குய்யா கெடைக்கும்? எங்கூடப் படிச்சவன் ஒருத்தன் அடுத்த தெருவுலதான் கெடக்கான். இன்னும் எட்டிப் பாக்கல. அவனுக்கு வச்சிருக்கேன்."

மேனேஜர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். "சவத்த விடும் வே," என்று பெரியவர் அதையும் தள்ளிவிட்டார். மாலையைக் கழற்றவே இல்லை. காப்பி குடிக்கும்போது மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏலே, எல்லாம் சரிதான். எனக்கு நெசமாவே ஒண்ணு ஆச்சுன்னா நீ என்னத்தலே எறக்குவ?"

எல்லாரும் சிரித்தோம். பெரியவரும் சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

காப்பி முடிந்ததும் மேனேஜர் எங்களுக்குக் கண் ஜாடை காட்ட, பழக்க தோஷத்தில் ஒருவரும் வாய் திறக்காமல் எழுந்து வேனை நோக்கி நடந்தோம். துட்டி வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாதல்லவா.

"ஏய், சொல்லிட்டுப் போங்கய்யா! நான் உயிரோடதான இருக்கேன்!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. "போயிட்டு வாரோம் அய்யா," என்று கோரஸாகக் கத்தினோம்.

அண்ணாச்சி லீவு முடிந்து வந்தபோது வேறு ஆளாக இருந்தார். மழித்த இடத்தில் ஒரு முடிகூடத் திரும்ப முளைக்கவில்லை. அதுவரை அவருக்கு வேண்டியிருந்தது பெயர் மட்டும்தான். இப்போது முடி வேண்டும்.

"எங்கய்யா போற அன்னைக்கு எறக்கதுக்கு எனக்கு முடி வேணும்லே. மூத்த மவன் நான். வெறுந்தலையோட போயி எப்படி நிக்க?"

டாக்டரிடம் துணைக்கு நானும் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. தலை முழுக்க ஊசி போட வேண்டும் என்றார். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். முடிந்ததும் கேட்டார்: "டாக்டர், எங்கய்யாவுக்கு எம்பதத் தாண்டிட்டு. அதுக்குள்ள வந்துருமா?" அப்பாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று டாக்டரம்மா புரியாமல் பார்த்தார். நான் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றியபடி, "வரலாம் சார். வராமலும் போகலாம். உறுதியாச் சொல்ல முடியாது," என்றார். நல்ல டாக்டர். பொய் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து இடது காதுக்கு மேலே பூனை முடி மாதிரி வெள்ளையாக ஏதோ தெரிந்தது. ஆபீசே மொபைல் டார்ச் அடித்துப் பார்த்தது. மேனேஜர் தன் படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்து, "இருக்கு அண்ணாச்சி, நிச்சயமா இருக்கு," என்று உறுதி செய்தார். துறைமுகத்துக் காற்றில் அது போய்விடும் என்று அண்ணாச்சி தொப்பி மாட்டிக்கொண்டார். தொப்பி வெப்பத்தில் கருகிவிடும் என்று கழற்றினார். ராத்திரி வலது பக்கமாகவே படுத்து கழுத்து சுளுக்கிக்கொண்டது. அந்தக் கழுத்தோடு வேலைக்கு வந்தார், கப்பலையெல்லாம் சாய்த்துப் பார்த்துக்கொண்டு.

அதுவும் கொட்டியது. கூடவே புருவமும் போனது. யூனிவர்சாலிஸ் என்று டாக்டரம்மா சொன்னார். அதற்கு மேல் பதவி கிடையாதாம். இந்தத் தடவை மக்ரூன் இல்லை.

ஆனாலும் துறைமுகத்துக்குள் போகும் பாஸில் அவர் போட்டோவை மாற்ற மறுத்துவிட்டார். அதில் சுருள் முடியும் மீசையுமாக வேறு ஒருவர் இருந்தார். "முடி வந்துரும்லே. வந்த பொறவு மறுபடியும் யாரு போயி மாத்துறது?" என்பார். வாசலில் நின்ற வடநாட்டுக் காவலர் பாஸைப் பார்த்து, அவரைப் பார்த்து, போட்டோவில் இருக்கும் ஆளைக் கூட்டிவரச் சொன்னார். அண்ணாச்சி நிமிர்ந்து, "அலோபீசியா யூனிவர்சாலிஸ்," என்றார். காவலர் அன்றைய கப்பல் பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு கப்பல் இன்றைக்கு வரவில்லை என்றார். அதற்குப் பிறகு டாக்டர் சர்டிபிகேட்டைப் பாஸோடு சேர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தார். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் முழுப் பெயரையும் சொல்வார். அப்பா தவறிவிட்டாரா என்று யாராவது தயங்கித் தயங்கி விசாரித்தால் கோபமே வந்துவிடும். "எங்கய்யா கல்லுமாரி இருக்காவ. இது அலோபீசியா."

அந்தக் கல்லும் ஒருநாள் காலையில் விழுந்துவிட்டது. காப்பி குடித்துவிட்டு, பேப்பரை மடித்து வைத்துவிட்டு, பெரியவர் போய்விட்டார். இந்தத் தடவை அண்ணாச்சியே போன் செய்தார். அதே கடையில், அதே மாதிரி ரோஜா மாலை வாங்கினோம்.

சுடுகாட்டில் சலூன்காரர் கல் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சியின் தம்பி சென்னையிலிருந்து வந்திருந்தார். தலை நிறைய முடி. சித்தப்பா ஒருவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "மூத்தவனுக்குத்தான் எறக்க ஒண்ணுமில்லையே. சின்னவன உக்காரச் சொல்லு. அவனே கொள்ளி வைக்கட்டும்," என்றார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. நேரமாகிறது என்ற கவலை அவருக்கு. தம்பி அண்ணனைப் பார்த்தார்.

அண்ணாச்சி போய்க் கல்லில் உட்கார்ந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"போடும்," என்றார்.

சலூன்காரர் குழம்பிப்போனார். "எங்கன அண்ணாச்சி போட?"

"எல்லா எடத்துலயும். இல்லேன்னாலும் இல்லேன்னு சும்மா விடக் கூடாது. முறையாச் செய்யணும். எங்கய்யாவுக்கு நான் நில்லுதான் குடுக்கேன். அதையாவது ஒழுங்காக் குடுக்க விடுங்க."

அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. நான் அவர் அழுது பார்த்ததில்லை. சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சலூன்காரர் பையைத் திறந்து புது பிளேடு எடுத்தார். உறையைப் பிரித்துக் கத்தியில் மாட்டினார். சொம்புத் தண்ணீரைத் தெளித்து அந்தத் தலையை நன்றாக ஊறத் தேய்த்தார். உச்சியில் ஆரம்பித்து பின்கழுத்து வரை இறக்கினார். காதுக்குப் பின்னால் மடக்கிப் பிடித்து மழித்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் கத்தியைத் துடைத்துக்கொண்டார். முடி இருக்கிற தலைக்கு வரும் சரசர சத்தம் மட்டும் வரவில்லை. மீசை இருந்த இடத்துக்கு வந்ததும் அண்ணாச்சி மேலுதட்டை இறுக்கிக் காட்டினார். முழுத் தலைக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஆனது. ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. எதைக் கண்டாலும் உள்ளுக்குள் ஒரு கேலி ஓடும் எனக்கும் அன்றைக்கு அது ஓடவில்லை.

தண்ணீர் ஊற்றியதும் அண்ணாச்சி தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். என்னைத் தேடினார்.

"சரியா இருக்காலே? எங்கயும் விட்டுப்போச்சா?"

"இல்ல அண்ணாச்சி. சுத்தமா இருக்கு."

எழுந்து போய்க் கொள்ளியை வாங்கிக்கொண்டார்.

காரியமெல்லாம் முடிந்து அவர் வேலைக்கு வந்த முதல் நாள், கப்பலுக்குப் போக நானும் அவரும் துறைமுக வாசலில் நின்றோம். புதிதாக மாற்றலாகி வந்த வடநாட்டுக் காவலர் ஒருவர் பாஸை வாங்கினார். போட்டோவில் இருந்த சுருள் முடியையும் மீசையையும் பார்த்தார். எதிரே இருந்த தலையையும் மேலுதட்டையும் பார்த்தார். அவர் முகம் இளகியது. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, தணிந்த குரலில், "பிதாஜி?" என்றார். அவர் ஊரிலும் அப்பா போனால் இதே இலக்கணம்தான் போலும்.

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். கழுத்தில் சர்டிபிகேட் தொங்கிக்கொண்டிருந்தது. கிரேக்கமும் லத்தீனும் சேர்ந்த அந்தப் பெரிய பெயர் இதோ வரப்போகிறது என்று நினைத்தேன்.

"ஆமா," என்றார் அண்ணாச்சி. "எங்கய்யா."

காவலர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். அண்ணாச்சியும் கையை விடாமல் நின்றார். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன.

அண்ணாச்சியை எனக்கு அன்றைக்குத்தான் பிடித்துப்போனது என்று சொன்னால் அது பொய். மக்ரூன் பொட்டலத்தோடு உள்ளே நுழைந்தாரே, அன்றைக்கே பிடித்துவிட்டது.